ஃபுல் டாஸ் போடும் எந்திரம்

அமெரிக்காவில் மகளை சாஃப்ட்பால் ஆட அனுப்பும் அப்பாவுக்கு மூன்று சமாசாரங்கள் தேயும்: தோள்பட்டை, கால்முட்டி, பணப்பை. முதல் இரண்டைக் காப்பாற்ற மூன்றாவதைப் பலி கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பிட்ச்சிங் மெஷின் என்று பெயர்.

சாஃப்ட்பாலும் பேஸ்பால் வகைதான். மைதானம் சிறியது, பந்து பெரியது, கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். நம் கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். 12 அங்குலச் சுற்றளவுள்ள சாஃப்ட்பால் ஏறக்குறைய 177 முதல் 198 கிராம். முகத்துக்கு நேராக வரும்போது இந்த எடை வித்தியாசத்தை யாரும் ஆராய்வதில்லை.

டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடியாகக் குழந்தைகள் கூடும் இடம் சாஃப்ட்பால் மைதானம்தான். என் மகளுடையது 12 வயதுக்கு உட்பட்டோர் அணி. வீசுகிறவளுக்கும் அடிக்கிறவளுக்கும் நடுவே 40 அடி. பதினாலு வயதுப் பிரிவுக்குப் போனால் அது 43 அடியாகும். ஐம்பது மைல் வேகத்தில் வரும் பந்து நாற்பது அடியைக் கடக்க அரை நொடி போதும். அந்த அரை நொடிக்குள் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பிட வரச் சொன்னால் பதில் வர இருபது நிமிடம் ஆகிறது, அதே பெண்தான்.

இதற்குப் பயிற்சி என்றால் யாராவது பந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் அணியில் நன்றாக வீசத் தெரிந்த பெண்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பன்னிரண்டு பேருக்கும் அவர்களே வீசினால் சனிக்கிழமை மேட்சுக்குக் கை மிஞ்சாது. சரி, அப்பாக்கள் எதற்கு இருக்கிறார்கள்? நானும் இறங்கினேன். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் ஃபுல் டாஸ் போட்டவனுக்கு அடுத்த ஓவர் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் பேச்சு வேறு கேட்க வேண்டும். இங்கேயோ போடுவதெல்லாம் ஃபுல் டாஸ்தான். தரையில் குத்தினால் தப்பு. வாழ்நாள் முழுக்கப் பழகிய கை திடீரென்று திருந்துமா? பந்து லட்சணமாகக் குத்தித் திரும்பியது. பயிற்சியாளர் நல்ல மனுஷர். தோளில் கை போட்டு, "பந்து பொறுக்குவதும் ரொம்ப முக்கியமான வேலை" என்றார். மறுவாரம் மெஷின் வாங்கும் பேச்சு எழுந்தது.

இந்த எந்திரத்தின் பூர்வீகத்தைக் கேட்டால் விலை கூடத் தேவலை என்று தோன்றிவிடும். 1890களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். நான்காவது பரிமாணத்தைப் பற்றி எழுதிக் குவித்தவர். 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் கதாநாயகன் போய் மாட்டிக்கொள்ளும் டெசராக்ட் இருக்கிறதே, அந்தப் பெயர் அவர் வைத்ததுதான். பையன்களின் தோள் வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு அவர் செய்த பேஸ்பால் எந்திரம் வெடிமருந்தில் ஓடியது. ஆமாம், துப்பாக்கிக்குப் போடும் வெடிமருந்து. பந்து வளைந்து போக வேண்டுமென்று குழல் வாயில் ரப்பர் சுற்றிய இரண்டு இரும்பு விரல்கள் வேறு பொருத்தியிருந்தார். எதிரே மட்டையோடு நின்ற மாணவர்களுக்குப் பந்தைவிடச் சத்தம்தான் பயம். அது பரவாததில் ஆச்சரியமில்லை. நான்காவது பரிமாணம் எவ்வளவோ மேல், அதைப் பார்த்து யாரும் குனிய வேண்டியதில்லை.

பிறகு இரும்புக் கையால் பந்தை விட்டெறியும் எந்திரங்கள் வந்தன. காசு போட்டு ஆடும் கூண்டுகளில் 'அயர்ன் மைக்' என்ற பெயரில் இப்போதும் அவை உழைக்கின்றன. 1971இல் ஓரிகன் மாநிலத்தில் ஜான் பால்சன் தொடங்கிய ஜக்ஸ் நிறுவனம் சக்கர எந்திரத்தை ஊரூராகக் கொண்டுபோனது. அதன் தத்துவம் சுலபம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். நடுவில் பந்தை விட்டால் பிடித்துத் துப்பும். மேல் சக்கரம் வேகமாகச் சுற்றினால் பந்து முன்பக்கமாக உருண்டு போய்ச் சட்டென்று இறங்கும். கீழ்ச் சக்கரம் வேகமென்றால் பின்சுழலோடு மிதந்து வரும். எந்திரத்தின் தலையைச் சாய்த்து வைத்தால் பக்கவாட்டில் வளையும். மூன்று சக்கரம் வைத்ததும் உண்டு. அதில் தலையைத் தூக்கிச் சாய்க்க வேண்டியதில்லை, குமிழைத் திருகினால் போதும். அடிப்பவள் கண்ணுக்குப் பந்து கடைசிவரை தெரியும் என்பது கூடுதல் வசதி. சின்னப் பிள்ளைகளுக்கு மின்சாரமே வேண்டாத ஸ்பிரிங் எந்திரம் இருக்கிறது. காலால் மிதித்தால் எறியும். எட்டு வயதுக்கு அதுவே தாராளம். அதற்கு மேல் வாங்குபவர்கள் குழந்தைக்காக வாங்குவதில்லை.

எங்கள் அணியின் அப்பாக்களில் பாதிப்பேர் மென்பொருள்காரர்கள். ஆகவே எக்ஸெல் தாள் திறக்கப்பட்டது. சக்கரத்தின் எண்ணிக்கை, மோட்டாரின் குதிரைத்திறன், எடை, உத்தரவாதம் என்று பத்தி மேல் பத்தி நீண்டது. ஒருவர் வண்ணம்கூடப் பூசினார். சில நூறு டாலரில் ஆரம்பித்து இரண்டாயிரத்தைத் தாண்டி மூன்றாயிரம் வரை விலை ஏறுவதைப் பார்த்ததும் வாட்ஸப்பில் அமைதி நிலவியது. ஒரு வாரம் கழித்துப் பயிற்சியாளர் ஒரே வரி எழுதினார்: பக்கத்து ஊரில் பழைய இரட்டைச் சக்கரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, தூக்க இரண்டு பேர் வரவும். எக்ஸெல் தாள் இன்னும் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும்.

ஆக, மெஷின் வந்துவிட்டது. அதற்குப் பந்து ஊட்ட ஆள் வேண்டும். அப்பாக்கள் எல்லோரும் நிபுணர்கள். நிபுணர்கள் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "சும்மாத்தானே உக்காந்திருக்கேன், நான் போடறேன் மாப்பிள்ளை" என்றார். அணி அதுவரை கண்டிராத நிதானம் அன்றைக்கு வந்தது.

முதல் காரியமாக முந்தானையை இழுத்து இடுப்பில் செருகச் சொன்னோம். சுற்றும் சக்கரத்துக்குப் புடவையும் பந்தும் ஒன்றுதான். தலையில் ஹெல்மெட். முன்னால் எல் வடிவ வலைத்தடுப்பு. அடித்த பந்து வந்த வழியே திரும்பும் என்பதால் இந்த இரண்டிலும் சலுகை கிடையாது. அடிப்பவளை நிறுத்தாமல் முதலில் நாலைந்து பந்து போட்டுக் குறி பார்க்க வேண்டும். அதன் பிறகும் சும்மா பந்தைச் சொருகக் கூடாது. பந்தை உயரத் தூக்கி அடிப்பவளுக்குக் காட்டி, அவள் தயாராகும்படி ஒரே வேகத்தில் இறக்கி, துளைக்குள் விட வேண்டும். இந்தக் காட்டும் வேலையை நிபுணர்கள் யாரும் செய்ததில்லை. மாமியார் ஒவ்வொரு பந்தையும் தூக்கிக் காட்டி, எதிரே நிற்கும் பெண் தலையசைத்த பிறகுதான் இறக்குவார்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று எனக்குத் தெரிந்து எந்தக் கையேட்டையும் படித்து வந்ததில்லை. பந்து உள்ளே போனதும் சக்கரம் ஒரு கணம் தளரும், மோட்டார் சத்தம் இறங்கும். பழைய சத்தம் வருமுன் அடுத்த பந்தைப் போட்டால் அது வேகம் குறைந்து காலடியில் விழும். இதைத்தான் அப்பாக்கள் "மெஷின் தாறுமாறாப் போடுது" என்று புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு அது முதல் நாளே காதில் பட்டுவிட்டது. "அரிசியை அள்ளிப் போட்டதும் கிரைண்டர் முக்கும்ல, அதேதான். மறுபடி சீராச் சுத்தட்டும், அப்புறம் போடலாம். பறக்காதீங்கடி" என்றார். பறக்காதீங்கடி என்பது எங்கள் அணியின் எமிலிக்கும் மாடிசனுக்கும் புரிந்துவிட்டது. இப்போது அவர்களும் அதை மற்றவர்களிடம் சொல்கிறார்கள்.

ஒரு நாள் மெஷின் இழுத்துக்கொண்டு நின்றது. நிபுணர் குழு கூடியது. மோட்டார் போச்சு என்றார் ஒருவர். உள்ளே போர்டை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். அதில் பெரிய நுட்பம் எதுவும் கிடையாது. இரண்டு மோட்டார், இரண்டு குமிழ், அவ்வளவுதான். மாமியார் தரையைப் பார்த்தார். கழிவறைச் சுவரிலிருந்து மெஷின் வரைக்கும் தோட்ட விளக்குக்குப் போடும் மெல்லிய வயர், நூறடி நீளத்துக்கு, அதிலும் பாதி சுருட்டியபடியே கிடந்தது. தொட்டால் சுட்டது. "லோ வோல்டேஜ் மாப்பிள்ளை" என்றார். அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு மின்சாரம் உண்டு அல்லது இல்லை. இருந்தும் போதாமல் இருப்பது என்ற ஒரு நிலை அவர்கள் அனுபவத்திலேயே கிடையாது. ஸ்டெபிலைசரோடு குடும்பம் நடத்தியவருக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? நூறடிக்கு 12 கேஜ் தடித்த வயர் வாங்கிச் சுருள் பிரித்துப் போட்டதும் மோட்டார் பிழைத்தது. மெல்லிய வயரிலேயே ஓட்டியிருந்தால் மோட்டார் நிஜமாகவே எரிந்துபோயிருக்கலாம்.

மெஷின் பழுது என்று கேட்டுப் போனால் பெரும்பாலும் பழுது மெஷினில் இருப்பதில்லை. பந்து மூட்டையைக் கவிழ்த்துப் பாருங்கள். புதுப் பந்து, தோல் உரிந்த பந்து, பனிப் புல்லில் உருண்டு ஈரமான பந்து, எட்டு வயதுக்காரர்கள் விட்டுப்போன 11 அங்குலப் பந்து, எல்லாம் கலந்து கிடக்கும். சக்கர இடைவெளி ஒன்றுதான். பெரிய பந்தை அது இறுக்கிப் பிடிக்கும், சின்னது நழுவும், ஈரமானது வழுக்கும். பிறகு ஒன்று உச்சந்தலைக்கும் ஒன்று கணுக்காலுக்கும் போகாமல் என்ன செய்யும்? பிரித்து வைத்தால் பாதி நோய் தீர்ந்தது. தையல் தூக்கிய தோல் பந்தானால் தையல் ஒரே பக்கம் இருக்கும்படி போட வேண்டும். குழி போட்ட ரப்பர் வகைப் பந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. சக்கரம் பளபளவென்று மின்னினால் சந்தோஷப்பட வேண்டாம். தோல் மெழுகு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, லேசாக உப்புத்தாள் போட்டால் பிடிப்பு திரும்பும். காற்றடைத்த சக்கரமானால் இரண்டிலும் காற்று சமமா என்று பார்க்க வேண்டும். முக்காலியின் ஒரு கால் ஈரமண்ணில் இறங்கினாலும் குறி தப்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு என்பதை இன்னொரு முறை சொல்கிறேன். நிபுணர்கள் காதில் அது விழுவதில்லை.

இத்தனையும் செய்தால் கூட மெஷினுக்கு ஒரு குறை உண்டு, அதற்கு மருந்து கிடையாது. அதற்குக் கையில்லை. நிஜ மேட்சில் அடிப்பவள் பந்தை மட்டுமா பார்க்கிறாள்? எதிரே நிற்பவளின் இடுப்பு, கால் எட்டு, கை சுற்றி வரும் வட்டம், பந்து விடுபடும் மணிக்கட்டு எல்லாம் பார்த்துத்தான் நேரம் கணிக்கிறாள். மெஷினில் வெளுத்து வாங்கிய எங்கள் பெண்கள் சனிக்கிழமை பதினோரு வயது நெட்டைப் பெண் ஒருத்தியிடம் வரிசையாக அவுட் ஆனார்கள். "மெஷின் ஏமாத்தாதுப்பா, அவ ஏமாத்துறா" என்றாள் என் மகள், பெரிய அநியாயம் நடந்துவிட்ட குரலில். அதனால் இப்போது பயிற்சியில் பாதி நேரம் மெஷின், பாதி நேரம் பயிற்சியாளரின் கை. என்னை இன்னும் கூப்பிடவில்லை.

மாமியாருக்கு விமான நிலையத்தில் கொடுத்த ஆறு மாத அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஆகவே எங்கள் அணிக்குப் பந்து போட ஆள் தேவை. சம்பளம் கிடையாது, ஹெல்மெட் நாங்கள் தருகிறோம். கிரைண்டர் ஓட்டிய அனுபவம் இருந்தால் முன்னுரிமை. பொறியியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்க வேண்டாம்.