தனியாள் சுற்றுலாவுக்கு ஒரு பொருளதிகாரம்

பாயிரம்

டிசம்பர் பிறந்ததும் தமிழ்நாட்டில் மூவகை மாந்தர் “எங்கே போகலாம்?” என்று கேட்கத் தொடங்குகின்றனர். மணமாகாதவர் ஒரு வகை. மணமாகியும் வீட்டாரோடு விடுப்பு ஒத்துவராதவர் ஒரு வகை. குடும்பத்தை மாமனார் வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டு நடைமேடையிலேயே புன்னகைக்கத் தொடங்கியவர் மூன்றாம் வகை. மூவர்க்கும் நிபந்தனை ஒன்றே: ஊர் கலகலப்பாக இருக்கவேண்டும், கூட ஒருவரும் வரக்கூடாது. இவை தம்முள் முரணாவோ எனின், ஆகா. பிறருடைய கலகலப்பைச் செலவில்லாமல் பார்ப்பதே தனியாள் சுற்றுலாவின் பயன்.

இவர்களுக்கு வழிகாட்டப் பயண முகவர்கள் ஆண்டுதோறும் பத்து ஊர்ப் பட்டியல் வெளியிடுகின்றனர். இடம், பருவம், மனநிலை மூன்றையும் பொருத்திக் காட்டும் நூலொன்று தமிழில் முன்பே இருப்பதை அவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அதன் உரைகளையும் சுற்றுலாக் கையேடாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியன. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை; முன்பனி என்பது மார்கழி, தை. எனவே டிசம்பர் முழுவதும் குறிஞ்சியின் ஆட்சி. அதன் உரிப்பொருளோ புணர்தல். ஆகவே டிசம்பரில் கொடைக்கானலுக்குத் தனியாகப் போகிறவர் இலக்கண வழு செய்தவராகிறார். விடுதிகள் இவ்விதியை அறிந்தே இருவர் வாடகையை ஒருவரிடம் வசூலிக்கின்றன. ஏரியின் மிதிபடகிலும் இரண்டு இருக்கைகள்; ஒருவர் மிதித்தால் படகு நின்ற இடத்திலேயே வட்டமிடும்.

முல்லைக்கு உரியது இருத்தல். அதாவது வீட்டில் காத்திருத்தல். அது பயணத்தில் சேராது. மருதத்துக்கு ஊடல். ஊடுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டுமாதலின் தஞ்சாவூர் விலக்கப்பட்டது. பாலைக்குப் பிரிதல், பிரிந்து போகவும் முதலில் ஒருவர் இருந்தாக வேண்டும். எஞ்சியது நெய்தல். இதற்கு ஆறு பருவமும் உரியன என்பர் உரையாசிரியர். ஆகவே விடுப்பு எந்த மாதம் கிடைத்தாலும் குற்றமில்லை. உரிப்பொருள் இரங்கல். ஐந்தனுள் ஒருவரே செய்து முடிக்கத்தக்கது இது ஒன்றே.

நெய்தல் நிலத்து ஊர்கள் பல உளவே எனின், ஆராய்வோம். சென்னை ஆகாது, கேள்வி கேட்பவரில் பெரும்பாலார் அங்கிருந்து தப்புவதற்கே கேட்கின்றனர். புதுச்சேரிக்கு ஆண்டிறுதியில் போவோர் நாடும் நீர் கடல்நீர் அன்று. ராமேசுவரம் பாவம் தீர்க்கச் செல்வோர்க்கு உரியது. பாவம் சேர்க்கும் வசதி அங்கே குறைவு. ஆகவே தூத்துக்குடி.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். தூத்துக்குடி கிழக்குக் கரையாதலால் ஞாயிறு கடலில் சாய்வதில்லை. உப்பளங்களுக்குப் பின்னால் சாய்கிறது. கடலை நோக்கி அமர்ந்து அந்திக்குக் காத்திருப்பவர் துறைமுகத்து விளக்குகள் எரியக் காண்பரே அன்றி வேறொன்றும் காணார். திரும்பி உட்காருக.

இனிக் குளிர். மார்கழியிலும் இங்கே வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம். அதைத் திறக்க நேராது. ஊரில் பனிக்கு உள்ள இடம் பனிமய மாதா பேராலயம் ஒன்றே. இப்போதைய கோயில் 1713ஆம் ஆண்டினது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ரோமாபுரிக் குன்று ஒன்றில் ஆகஸ்டு மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் பழங்கதையை ஒட்டி, திருவிழா ஆகஸ்டு 5இல் நிறைவடைகிறது. பனியைக் கொண்டாட விரும்புவோர் கோடையில் வருக.

கருப்பொருள்

நெய்தலின் தெய்வம் வருணன். அவன் வலிமையை ஐயுறுவோர் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நினைக்க. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரியைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் சூழப்பட்டு நின்றது. வீடும் உயிரும் போன நாள்கள் அவை. ஆதலால் வானிலை அறிக்கை பார்க்காமல் இங்கே டிசம்பர்ப் பயணம் வகுத்தல் கூடாது என்பது விளையாட்டு விதி அன்று.

தொழில்கள் மீன்பிடித்தல், உப்பு விளைத்தல், முத்துக்குளித்தல். முத்துக்குளிப்பே இக்கரையின் பழைய கலகலப்பு. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. வெளியூரார் தங்கியதற்கான பழைய சான்றாக இதைக் கொள்ளலாமெனில், தங்குமிடம் இலவசம். புறப்படும் தேதியை மட்டும் அரசு முடிவு செய்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு வணிகர்கள் இருபதில் ஒரு பங்கு முத்துக் கொடுத்ததாக எழுதுகிறார். பயணக் காப்பீட்டின் தொன்மைக்கு இது சான்று. இரவில் மந்திரக்கட்டு அவிழ்க்கப்படும். திருட்டுத்தனமாக இறங்குகிறவரைச் சுறா கவனித்துக்கொள்ளும். இன்றைய காப்பீட்டிலும் இத்தகைய விலக்குகள் சிறிய எழுத்தில் உள்ளன. ஆனால் போலோ குறிக்கும் பருவம் ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை. கடல் அடங்கியிருக்கும் காலம் அது. குளிர்கால விடுப்பில் வருபவர் அன்றும் ஒரு முழுக்கைக்கூடக் கண்டிரார். 1961க்குப் பிறகோ பெருமுத்துக்குளிப்பே இல்லை.

உப்புக்கும் இதே நிலைமை. நாட்டின் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடுவதால் வேலை ஓடாது. எனவே இவ்வூரில் குளிர்கால விடுமுறை முறையாகக் கிடைப்பது உப்பளத் தொழிலாளர்க்கே. அவர்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை. அதற்குக் கூலியும் இல்லை. சுற்றுலா வகைப்பாட்டில் இவ்விடுமுறைக்கு இன்னும் பெயரிடப்படவில்லை.

உணவு இருவகை: பகலுணவு, இரவுணவு. பகலுக்கு மீன்குழம்பு போதும். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றாலும் ஆன மக்ரூன் வாயில் வைத்ததும் கரைவதால் உணவிலும் சேராது, பட்டினியிலும் சேராது. இடையினம் எனக் கொள்க. இரவுக்கு நைட் கிளப் உண்டு. பத்து ஊர்ப் பட்டியல்காரர்கள் கலகலப்பான நகரத்துக்கு இதையே முதல் அடையாளமாகக் கூறுவர். தூத்துக்குடியில் அது பரோட்டாக் கடை. இசை உண்டு, கொத்து போடும் கரண்டி வாசிக்கும். புகை உண்டு, தோசைக்கல்லிலிருந்து வரும். தனியாக வருபவரை வாசலில் நிறுத்தும் வழக்கம் இல்லை. இலை போட்டு, எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவை ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

ஊர் பட்டினம் எனப்படும். கலன்கள் வந்துபோவதே அதன் உயிர். இங்கிருந்து தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. மாலத்தீவுக்கு விமானத்தில் பறந்து தேனிலவுப் படம் எடுப்போர், தமக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த தூத்துக்குடி வெங்காயத்தை அறியாமலே உண்கின்றனர். வெங்காயம் தனியாகப் போயிற்று என்பது நோக்கத்தக்கது.

உரிப்பொருள்

இரங்கலாவது, போன கலத்தை எண்ணிக் கரையில் நின்று வருந்துதல். இதற்குத் தூத்துக்குடியை விஞ்சிய இடமில்லை. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. எதிர்த்தரப்பு இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்தது என்பது வரலாறு. இதனினும் சிறந்த சலுகைத் திட்டம் பின்பு எந்தப் பயண முகவரும் தந்ததில்லை. அத்திட்டத்தின் முடிவில் பிள்ளை சிறையில் இருந்தார். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்பு ரயில் பயணிகள் தனுஷ்கோடி வழியே திருப்பப்பட்டனர். 2011 ஜூனில் கொழும்புக்கு மீண்டும் பயணியர் கப்பல் விட்டார்கள், நவம்பரில் நின்றது. குளிர்காலம் வரை அது தாங்கவில்லை. இன்று நிலக்கரிக்கும் சரக்குப் பெட்டிக்கும் இத்துறைமுகத்தில் வரவேற்பு உண்டு. மனிதனுக்குச் சீட்டு இல்லை. கடற்கரையில் தனியே நின்று இதற்கு இரங்கலாம்.

அற்றேல் கலகலப்பு எங்கே எனின், கலகலப்பு இருவகைத்து. வருவோர்க்காக நடத்தப்படுவது ஒன்று. வருவோரைப் பொருட்படுத்தாமல் நடப்பது மற்றொன்று. முன்னதில் தனியாள் உறுத்தலாகத் தெரிவான்; “எத்தனை பேர் சார்?” என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. பின்னதில் அவனை எவரும் எண்ணுவதில்லை. விடியலில் கடலுக்குப் போன விசைப்படகுகள் இரவில் கரைக்கு வருகின்றன. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறார்கள். ஐஸ் உடைகிறது, கூடை நகர்கிறது, “ஒதுங்குங்கண்ணே” என்று யாரோ தள்ளிவிட்டுப் போகிறார். அவ்வாறு தள்ளப்பட்டவனே கலகலப்பில் பங்கு பெற்றவன். கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுதோறும் நட்சத்திரம் தொங்கும். அதுவும் அவனுக்காகத் தொங்கவிட்டதன்று.

துணிபு: குளிர்காலத்தில் தனியாகப் போக விரும்புவோர், தம்மை எதிர்பாராத ஊராகப் பார்த்துத் தேர்க. தூத்துக்குடி அவ்வகையில் முதன்மையானது. ஒரே இடர், சென்னையில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் அனைவரும் அதே வாரத்தில் ஊர் திரும்புவர். எழும்பூரிலிருந்து புறப்படும் முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். மார்கழியில் போக எண்ணுவோர் ஐப்பசியிலேயே பதிவு செய்க.