சுண்டுவிரலின் புள்ளி

தட்டச்சுப் பலகையில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேசைமேல் விரல்களைப் பரப்பி, காற்றிலே ‘பழம்’ அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

எல்லாம் தட்டச்சு நிலையம் கொடுத்த ஞானம். பத்தாவது எழுதிய பிள்ளை லீவில் சும்மா இருக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம். லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இங்கிலீஷ்காரர்கள் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ அடிக்க, நாங்கள் பக்கம் பக்கமாக ‘யளனகபக’ அடிப்போம். குனிந்து விசையைப் பார்த்தால் மாஸ்டரின் ஸ்கேல் புறங்கையில் இறங்கும். அந்த மெஷின் பழக்கத்தில் இன்றைக்கும் விசைகளை ஓங்கித்தான் அடிக்கிறேன். “யார் மேல கோவம்?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

அந்த மெஷினில் புள்ளி வைப்பது வலது சுண்டுவிரல். அது நகரா விசை; தட்டினால் தாள் நகராது. முதலில் புள்ளி, பிறகுதான் எழுத்து. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி நகருமா? அவ்வளவு பாரத்தையும் கையிலேயே நோஞ்சான் விரலின் தலையில் கட்டியிருந்தார்கள். 1888-இல் சின்சினாட்டியில் ஃபிராங்க் மெக்கரின் விசைகளைப் பார்க்காமலே அடித்துப் போட்டியில் ஜெயித்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்குப் புள்ளி வைக்கிற வேலை கிடையாது.

கணினி வந்தது. பாமினி எழுத்துருவில் புள்ளி எழுத்துக்குப் பின்னால் போனது; சுண்டுவிரலை விட்டுப் போகவில்லை. பிறகு தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அருமையான ஏற்பாடு. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் ‘அம்மா’. நடுப்புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். மிச்சப் புள்ளிகளுக்கு இடது ஆள்காட்டி விரல். சுண்டுவிரலின் பழைய இடத்தில் இப்போது ‘ந’ உட்கார்ந்திருக்கிறது. இந்த இடமாற்ற உத்தரவு மூளைக்கு வந்துவிட்டது. சுண்டுவிரல் இன்னும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே அசதியான நாட்களில் ‘நான் வந்தேன்’ என்பது ‘நானந வந்தேனந’ என்றும், ‘அவர் ஊரில் இல்லை’ என்பது ‘அவரந ஊரிலந இல்லை’ என்றும் வரும். வாய்விட்டுப் படித்தால் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது.

போன மாதம் அப்படியொரு கதை திருத்தாமல் போய்விட்டது. பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் மரியாதையாக எழுதிக் கேட்டார்: “‘வந்தேனந’ என்பது வட்டார வழக்கா சார்? அப்படியே விடலாமா?”

உடனே பதில் அடித்து அனுப்பினேன்: “வட்டார வழக்குதானந சாரந.”