கிழங்குக்குள் மாடு

நீலகிரியின் ஸ்ரீமதுரையில் பலா பழுக்கும் காலத்தில் ஒரு சுத்த சைவ வாடிக்கையாளர் வருவார். பக்கத்திலேயே முதுமலைக் காடு, நடந்தே வந்துவிடலாம். மரத்தை உலுக்கி, தோலோடு ஒரு கை பார்த்துவிட்டு, பில்லைப் பற்றிக் கவலைப்படாமல் போய்விடுவார். எதில் பொரித்தீர்கள் என்று எந்த யானையும் கேட்டதில்லை. அந்தச் சங்கடம் மனுஷனுக்குத்தான்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இதே நீலகிரிக்கு ஏறினார். குளிர் பிடித்துப்போயிற்று, பின்னாலேயே உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏறின. அங்கே தோடர்கள் மந்தை மந்தையாக எருமை வைத்திருந்தும் பால், மோர், நெய் என்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள். காய்கறி கொண்டுவந்த துரைமார்களோ துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. சீமையில் துரத்திய செந்நரி இங்கே கிடைக்காததால், சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு குள்ளநரியைத் துரத்தினார்கள். அதற்கு என்ன புரிந்திருக்குமோ, பாவம்.

சுட்டுச் சுட்டு வரையாடு அருகிப்போனதும் கருணை சுரந்தது. 1877-இல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம். 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம். லைசென்ஸ் இல்லாமல் சுடாதே, காலம் தவறிச் சுடாதே. அதாவது, அடுத்த சீசனுக்கும் கொஞ்சம் மிச்சம் வை!

மலையேறிய அதே உருளைக்கிழங்கு அமெரிக்காவிலோ பெரிய மனுஷனாகி, மெக்டொனால்ட்ஸ் கடைகளில் மாட்டுக் கொழுப்பில் எண்ணெய்க் குளியல் போட்டுக்கொண்டிருந்தது. இதயத்துக்கு ஆகாது என்று சிலர் கூச்சல் போட, 1990-இல் கம்பெனி தாவர எண்ணெய்க்கு மாறியது. அங்கிருந்த நம்மவர்கள் நெற்றியில் விபூதியோடு ஃப்ரைஸ் வாங்கித் தின்றார்கள். 2001-இல்தான் குட்டு உடைந்தது: எண்ணெய் என்னவோ சைவம்தான், சுவையூட்டியில் மாடு. சியாட்டிலில் ஹரீஷ் பார்தி என்ற வக்கீல் வழக்குப் போட்டார்.

1996-இல் டெல்லியில் முதல் கடை திறந்தபோதே மாட்டிறைச்சியை ஒதுக்கிவிட்டுத்தான் அந்தக் கம்பெனி இங்கே வந்திருந்தது. சேதி இங்கே பரவியதும், இந்தியக் கிழங்கில் அப்படி எதுவும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. யார் கேட்டார்கள்? மும்பையில் கடையின் கோமாளிப் பொம்மைக்குச் சாணி பூசினார்கள். நம்மூரில் சாணி தெளித்தால் மங்கலம், அங்கே கண்டனம்.

2002-இல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்து, சீக்கிய அமைப்புகள், சைவ உணவுச் சங்கங்கள் என்று பந்தி நீண்டது. யாருக்கு எவ்வளவு என்று அதிலும் தகராறு. அதுவும் கோர்ட் படி ஏறியது. மாட்டுக்கு இலை போடவில்லை.