எல்லாம் சரியாகவே நடந்தது

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், பாட்ஸ்னவுன் பள்ளத்தாக்கில் இருக்கிறது இஷ்கல். குடியிருப்போர் ஏறத்தாழ 1,600 பேர். விருந்தாளிகளுக்கான படுக்கைகளோ பத்தாயிரத்துக்கும் மேல். ஊரே லாட்ஜ்தானா என்று கேட்டால் கோபப்பட மாட்டார்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்பார்கள்.

ஒரு காலத்தில் இந்த மலைகளில் வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை. டிரோல் ஏழைகள் பெற்ற பிள்ளைகளைப் பனிக்கணவாய் வழியே நடத்தி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ராவன்ஸ்பர்க் சந்தையில் பண்ணைக்காரர்கள் மாடு பிடிப்பதுபோல் பார்த்து, பேரம் பேசி, ஒரு பருவக் கூலிக்கு அவர்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் 1963-இல் இஷ்கலுக்கு ரோப் கார் வந்தது. பிள்ளைகளை விரட்டிய அதே பனி காசு காய்த்தது. 1995-இல் எல்டன் ஜானே வந்து பாடினார். வறுமையிலிருந்து மீண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மீண்ட பிறகு கல்லாப்பெட்டிக்குக் காவல் நின்றவர்களைப் பற்றித்தான் பேச்சு.

2020 மார்ச் 5. இஷ்கல் போய்த் திரும்பியவர்களுக்குக் கொரோனா என்று கண்ட ஐஸ்லாந்து, அந்த ஊரை அபாயப் பகுதி என்று அறிவித்தது. டிரோல் அதிகாரிகளுக்கு உடனே ஞானம் பிறந்தது: மியூனிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில் தொற்றியிருக்கும்! பாருங்கள், கிருமிக்கு மலையேறத் தெரியாது. மியூனிக்கில் டிக்கெட் எடுக்க மட்டும் தெரியும். 7-ஆம் தேதி ஒரு பார் ஊழியருக்கே தொற்று உறுதியானது. பனிச்சறுக்கு பூட்ஸோடு தோளோடு தோள் இடித்து ஆடும் கூட்டத்துக்குள் விசில் ஊதி வழி கேட்டுப் போய் வந்தவர் அவர். மறுநாள் மாநில மருத்துவத் துறையின் அருள்வாக்கு: விருந்தாளிகளுக்குப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு. லிஃப்டுகள் ஓடின. சீசன் அல்லவா!

13-ஆம் தேதி மதியம், அப்போதைய ஆஸ்திரியச் சான்சலர் செபாஸ்டியன் குர்ஸ் பள்ளத்தாக்குக்கே சீல் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். பெட்டியைக் கட்டியும் கட்டாமலும் கூட்டம் தெறித்து ஓடியது. சோதனை கிடையாது, இருந்த ஒற்றைச் சாலையில் கார்களும் பேருந்துகளும் நெருக்கியடித்தன. அவரவர் நாட்டுக்கு நினைவுப்பரிசு கொண்டுபோனார்கள். பின்னர் 45 நாடுகளைச் சேர்ந்த 6,000 பேருக்கு மேல் ஒரு நுகர்வோர் சங்கத்திடம் முறையிட்டார்கள். ஏப்ரலில் இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழகம் ஊராரைச் சோதித்தபோது, சுமார் 42 சதவீதம் பேரின் ரத்தத்தில் தொற்றின் தடயம்.

மாநில சுகாதாரப் பொறுப்பாளர் பெர்ன்ஹார்ட் டில்க் பேட்டியில் என்ன சொன்னார் தெரியுமா? அதிகாரிகள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தார்களாம். கேள்வி மாறியது, பதில் மாறவில்லை.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதிகாரிகள் வெளியிட்ட தகவல் தவறு என்றது. வழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர்கள் 2021 நவம்பரில் கோப்பை மூடினார்கள். நோயுற்றவர்கள் நஷ்டஈடு கேட்டுப் போனார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கொள்ளைநோய்ச் சட்டம் பொதுமக்களைக் காக்கத்தான், தனி ஆட்களுக்கு நஷ்டஈடு தர அல்ல. ஆகவே, அடுத்த முறை இஷ்கலுக்குப் போகிறவர்கள் பொதுமக்களாகப் போய்ச் சேருங்கள். தனியாளாக மூச்சுத் திணறினால் அரசு பொறுப்பல்ல.