பத்து நாள் அப்போஸ்தலர்

மருமவனே, சேதி என் காதுக்கும் வந்துட்டு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில அறிவிப்பு வாசிக்கையில ஐயரே சொல்லிட்டாரு: நம்ம சேகரத்துல இருந்து ஒரு வாலிபத் தம்பி கம்போடியா தேசத்துக்கு ஊழியத்துக்குப் போறாரு, எல்லாரும் ஜெபத்துல தாங்குங்கன்னு. எத்தனை நாளைக்குன்னு அவரு சொல்லல. சொன்னா ஜெபம் கொறைஞ்சிரும்னு நெனைச்சாரோ என்னவோ. உங்கம்மைதான் வந்து சொன்னா, பத்து நாளாம். போக வர ரெண்டு நாளு, அங்கோர்வாட் பாக்க ஒரு நாளு, மிச்சம் ஏழு. ஆண்டவர் வானத்தையும் பூமியையும் உண்டாக்க அவ்வளவுதான் எடுத்தாரு, அதுலயும் ஏழாம் நாள் ஓய்வு. உனக்கு ஒரே ஒரு தேசந்தான. தாராளமாக் காணும்.

கேலி பண்ணுதேன்னு மூஞ்சத் தூக்காத. குறுகிய கால ஊழியத்துக்கு வேதத்துலயே ஆதாரம் இருக்குல்லா! யோனா. மூணு நாள் நடந்தாத்தான் தீருற பட்டணம் நினிவே. அதுல ஒரு நாள் நடந்து, ஒரே வரியில பிரசங்கத்த முடிச்சாரு. ராஜாவுல இருந்து ஆடு மாடு வரைக்கும் ரெட்டு உடுத்திட்டு. அந்தச் சாதனைய இன்னும் எவனும் முறியடிக்கல. அப்பமும் மனுசனுக்குத் திருப்தியில்ல, ஊருக்கு வெளிய ஆமணக்குச் செடி நெழல்ல உம்முன்னு போய் உக்காந்துட்டாரு. போன் இருந்திருந்தா செடியோட ஒரு படமாவது புடிச்சுப் போட்டிருப்பாரு. பவுலுக்குத்தான் இந்தச் சூட்சுமம் தெரியல. கொரிந்துல போய் ஒன்றரை வருஷம் கெடந்தாரு, எபேசுல ரெண்டு வருஷத்துக்கு மேல. கூடாரம் தைச்சுச் சொந்தச் சோறு தின்னாரு. டீ-சர்ட் கூட அடிக்கல.

காணிக்கை கேட்டு நீ அனுப்புன கார்டும் வந்து சேந்துது. வழவழன்னு தாளு, உன் படம் வலப்பக்கம், வேத வசனம் இடப்பக்கம், கீழ கட்டங்கட்டமா ஒரு கறுப்புப் படம். உங்க அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு, யாரு போட்ட கோலம் இது, புள்ளி தப்பியிருக்கேன்னு பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு எதுத்த வீட்டுப் பயதான் சொன்னான், போனைக் காட்டினா துட்டு போயிரும்னு. பயணச் செலவு தலைக்கு ஒண்ணேகால் லட்சமாமே! அத்தை ஐநூறு அனுப்பச் சொல்லிட்டா. அவ அடுப்புல ஒல வைக்கும் போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசிய மிஷனரிப் பானையில எடுத்துப் போட்டுப் பழகினவ. அந்த அரிசி எங்க போச்சு, யாரு தின்னான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. உன் ஐநூறுக்கு மட்டும் படம் வரும்னு எதிர்பாத்துக்கிட்டு இருக்கா, மறந்துராத.

பானைன்ன ஒடனே ஒண்ணு சொல்லணும். வெள்ளாளன்விளை அசரியா ஐயரத் தெரியும்லா? படத்துல பாத்திருப்ப. 1902ல அவரு ஒய்.எம்.சி.ஏ. வேலையா யாழ்ப்பாணம் போனாரு. அவருதும் உன்னய மாதிரி சின்னப் பயணந்தான். போன எடத்துல அவரு சொவத்துக்கு வெள்ளையடிக்கல, பிள்ளைகளுக்கு பலூன் ஊதிக் குடுக்கல. பாத்தாரு. அங்கயுள்ள தமிழ்ச் சபைக்காரங்க வெள்ளைக்காரன் துட்ட எதிர்பாக்காம, தங்க கையில இருந்து போட்டு, தங்க ஆளுகளையே வெளிய ஊழியத்துக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. நாம எத்தனை தலைமுறையா வாங்கியே தின்னுட்டோம்னு மனுசனுக்கு உறுத்திட்டு. திரும்பி வந்தாரு. அடுத்த வருஷம், 1903ல, பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் பொறந்துட்டு. நம்ம ஊரு ஆளுக தோர்ணக்கல் பக்கம் போனாங்க, தெலுங்கு படிச்சாங்க. பின்னால அவரே அங்க போய், 1912ல பிஷப்பாகி, 1945ல அங்கயே கண்ண மூடினாரு. யாழ்ப்பாணத்துல அவரு என்ன குடுத்தாருன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. வாங்கிட்டு வந்ததுதான் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

நீ சொவத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போறதா உங்கம்மை சொன்னா. அடி அடி. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கூட்டம் வந்துது, நீ அப்பம் கைப்பிள்ள. செவந்த செவந்த பிள்ளைக, பாவம், நல்ல பிள்ளைகதான். வெயில்ல நின்னு உருகி ஊத்த ஊத்த நீலக் கலர் அடிச்சாங்க. சொவத்துக்குப் பாதி, சன்னலுக்குப் பாதி, தரைக்கு மிச்சம். நம்ம பெயிண்டரு சும்மாதான இருக்காரு, அவர ஏணி புடிக்கச் சொல்லிட்டாங்க. அவருக்கு அன்னைக்குச் சம்பளமும் கெடயாது, ஏன்னா அது ஊழியம். சாயங்காலம் எல்லாரும் சேந்து அவரையும் நடுவுல நிறுத்திப் படம் புடிச்சாங்க. கார் தெரு முக்குத் திரும்பின அடுத்த வாரம், தலைமை வாத்தியார் அதே பெயிண்டரக் கூப்பிட்டு, தரையச் சொரண்டச் சொன்னாரு. அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க.

என் மவன் ஒரு கணக்கு வாசிச்சுக் காட்டினான். 1998ல ஹோண்டுராஸ் தேசத்துல மிட்ச்னு ஒரு புயல் அடிச்சு வீடு வாசலெல்லாம் போச்சாம். அமெரிக்காவுல இருந்து சபைக்காரங்க கூட்டங்கூட்டமா வந்து வீடு கட்டிக் குடுத்தாங்க. கர்ட் வெர் பீக்னு ஒரு பேராசிரியர் அதை ஆராய்ஞ்சாரு. உள்ளூர்க்காரங்களே கட்டினா ஒரு வீடு சுமார் 2,000 டாலர். வந்தவங்க பிளேன் செலவையும் சேத்தா 30,000. ஒரு வீட்டுக்குப் பதினஞ்சு வீடு, மாப்ள. உன் ஒண்ணேகால் லட்சத்துக்கு அந்தக் கணக்க நான் போடல, போட்டா உங்கம்மை எனக்குக் காப்பி தர மாட்டா.

இப்பம் முக்கியமான விஷயத்துக்கு வாரேன். நீ போற தேசத்துல என்ன மரம் நிக்குதுன்னு விசாரிச்சியா? பனை. நம்ம தேரியில நிக்கிற அதே பனை. அவங்க ராஜா 2005ல உத்தரவு போட்டு அதத் தேசிய மரமாக்கிட்டாரு. வயக்காட்டு வரப்பு நெடுக வரிசையா நிக்குமாம், போட்டோவுல பாத்தா சாயர்புரமோன்னு சந்தேகம் வருது. அந்த ஊருப் பனையேறி மரத்துல மூங்கிலக் கட்டி வச்சிருக்கான், கணுவுல விட்ட குச்சியில காலு வச்சு ஏறுதான். பாளைய நம்ம கடிப்பு மாதிரியே மரத்துல செஞ்ச இடுக்கியால நெருக்கி, நுனியச் சீவி, கலயத்துக்குப் பதிலா மூங்கில் குழாயத் தொங்க விடுதான். புளிக்காம இருக்க நாம சுண்ணாம்பு தடவுதோம், அவன் ஒரு மரத்தோட சிராயப் போடுதான். பொறவு இறுக இறுகக் காய்ச்சிக் கருப்பட்டி. கம்பொங் ஸ்பூங்கிற ஊரு பனஞ்சீனிக்கு 2010லயே புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023லதான் கெடச்சுது. கருப்பட்டி விஷயத்துல அவங்கதான் நமக்கு மிஷனரி அனுப்பணும்.

நான் நெஞ்சுல காய்ப்புக் காய்க்க ஏறி எறங்கினவன். உனக்குப் பனங்காய்க்கும் தேங்காய்க்கும் வித்தியாசம் தெரிஞ்சதே பள்ளிக்கூடம் முடிச்ச பொறவுதான். அதனால ஒரு உபகாரம் பண்ணு. அங்க ஒரு பனையேறியப் புடிச்சு, மூங்கில எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா மாத்துதீக, விழுந்து செத்தவன் வீட்டுக்கு அரசாங்கம் என்ன குடுக்குன்னு கேட்டுட்டு வா. உன் குழுத் தலைவர் அதுக்கு நேரம் ஒதுக்க மாட்டாரு. எந்த அட்டவணையிலயும் கேக்குற வேலைக்கு நேரம் போட்டு நான் பாத்ததில்ல.

ஆனா ஒரு எடத்துக்கு மட்டும் போகாத. அட்டவணையில அநாதைப் பிள்ளைகள் இல்லம்னு போட்டிருந்தா, உனக்கு வயித்தால போகுதுன்னு சொல்லிப் படுத்துக்க. அந்தப் பொய்ய நான் மன்னிக்கேன், மேல உள்ளவரும் மன்னிப்பாரு. கம்போடியாவுல அப்படி இருந்த பிள்ளைகள்ல நாலுக்கு மூணு பேருக்கு அம்மையோ அப்பனோ உசுரோட இருக்காங்கன்னு யுனிசெஃப்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. வெளிநாட்டு ஆளு பாக்க வர வர, 2005ல இருந்து 2010க்குள்ள அந்த இல்லங்களும் பெருகிட்டு. இல்லாத வீட்டுப் பிள்ளைய, படிக்க வைக்கோம்னு கூட்டிட்டு வந்து பாட்டுப் பாடிக் காட்ட விடுதாங்க. நீ போய் மடியில வச்சுக் கொஞ்சி, ஏழாம் நாள் அழுதுட்டு பிளேன் ஏறிருவ. அடுத்த வாரம் அந்தப் பிள்ள இன்னொரு மடியில ஏறணும்.

அங்க பிள்ளைக தலையில கைவச்சு ஜெபம் பண்ணுற பழக்கத்தையும் இங்கயே எறக்கி வச்சிட்டுப் போ. அந்த ஊருல தலை புனிதம், கண்டவன் தொடக் கூடாது. பெரியவங்களப் பாத்தா கை குவிச்சுக் கும்பிடு. வயசு கூடக் கூட கையி மேல ஏறணும். வீடு வீடாக் கதவத் தட்டி நோட்டீஸ் குடுக்கிறதை 2007லயே அரசாங்கம் தடுத்துட்டு, மீறினா பொறவு போலீஸ்காரனுக்கு நீ சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கணும். பிராஹோக்குனு மீன ஊற வச்சு ஒண்ணு கொண்டாந்து வைப்பாங்க. வாசம் வீட்டுக்கு முன்னாலயே வரும். நம்ம கருவாட்டுக்கு அது அண்ணன். வைக்கிறதச் சாப்பிடுங்கன்னு எழுபது பேர அனுப்பும்போது இயேசு சொன்னாருல்லா, பையில பிஸ்கட்டு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லல. பையே வேண்டாம்னுட்டாரு. நீ இருவத்து மூணு கிலோ பெட்டி கொண்டு போறியாமே.

சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்க. உன் சாட்சிய நான் நாசரேத்து வாலிபர் கூட்டத்துல கேட்டிருக்கேன். கேம்பஸ் இன்டர்வியூவுல தோத்துப்போய், மனசு ஒடஞ்சு, பொறவு வேற கம்பெனியில கெடச்சது. நல்ல சாட்சிதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வாயத் தொறக்க முன்ன, எதுத்தாப்புல பெஞ்சுல அறுவது வயசுக்கு மேல யாரும் உக்காந்திருக்காங்களான்னு ஒருக்கா பாத்துக்க. 1975ல இருந்து 79 வரைக்கும் போல் பாட் கூட்டம் ஊர வெறுமையாக்கி, எல்லாரையும் வயலுக்கு வெரட்டி, பட்டினி போட்டுக் கொன்ன காலத்துல அவங்க சின்னப் பிள்ளைக. செத்தது பதினஞ்சு லட்சத்துல இருந்து இருவது லட்சம் வரைக்கும்னு சொல்லுதாங்க. தலைநகரத்துல இருந்த பெரிய கத்தோலிக்கக் கோயிலயே கல்லுக்கல்லாப் பேத்துட்டாங்க. அதுலயும் தப்பிச்சு விசுவாசத்த வச்சிருந்த ஒரு கிழவி முன்னால நின்னு, நீ சோதனையப் பத்தி பவர்பாயிண்ட் போடாத. பாயில உக்காந்து, ஆச்சி நீங்க சொல்லுங்கன்னு சொல்லு. சொன்னாச் சொல்லட்டும். சொல்லலன்னா காய்கறி நறுக்கிக் குடு.

துட்டு மிச்சம் இருந்தா, டீ-சர்ட்டு வாங்காம அங்கயுள்ள உபதேசியார் கையில குடு. படம் புடிக்காமக் குடு. எவ்வளவுன்னு குழுத் தலைவருக்குத் தெரிய வேண்டாம். அத்தை ஐநூறுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பிரு, அவ காத்துக்கிட்டு இருப்பா.

திரும்பி வந்த ஒடனே ஐயரு உன்னயக் கூப்பிட்டு, மைக்கக் குடுத்து, ஆராதனையில அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லுவாரு. நீ இருவத்தஞ்சு நிமிஷம் பேசுவ. பேசு. அடுத்த வாரம் அசனப் பண்டிகை வருது. இருவது மூட்டை அரிசி, ஆடு எத்தனைன்னு இன்னும் முடிவாகல. பந்தியில வெளம்ப ஆளு கெடயாது, பயலுக எல்லாம் வரிசையில மொத எடத்துக்குத்தான் நிக்கிறானுக. நீ சாம்பார் வாளியத் தூக்கிரு. கத்திரிக்காய்க் கூட்டு உங்க அத்தை பங்கு, அதுல கை வைக்காத.