அத்திரிபாச்சா நினைவகம்

மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயர் மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று முணுமுணுத்து வந்த மாப்பிள்ளையைத் தெரியுமல்லவா? வாய்க்கால் குறுக்கிட்டது. "அத்திரிபாச்சா" என்று தாண்டினார். கொழுக்கட்டை போயே போச்சு.

1949-இல் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் ஓடவிட்ட எட்சாக் கணினியும் அந்த மாப்பிள்ளைதான். அதன் நினைவகம் ஐந்தடி நீளப் பாதரசக் குழாய்கள். ஒரு முனையில் குவார்ட்ஸ் வில்லை தட்டும். ஒலி பாதரசத்தில் ஊர்ந்து மறுமுனை சேரும். அங்கே கேட்டதை மறுபடி இங்கே கொண்டுவந்து தட்டுவார்கள். முணுமுணுக்கும் வரைதான் ஞாபகம்.

அதற்கு வாய்க்கால், வெப்பம். சூடு ஏறி இறங்கினால் ஒலியின் வேகம் மாறும். எண்கள் நேரம் தவறி வந்து நிற்கும். அமெரிக்காவின் யூனிவாக் தன் பாதரசத்தை 40 டிகிரியிலேயே அடைகாத்தது. ஆலன் டூரிங் வேறு வழி சொன்னார்: ஜின் ஊற்றுங்கள். சத்தியமாக நிதானத்தில்தான் சொன்னார். சூடேறினால் தண்ணீரில் ஒலி வேகமெடுக்கும், ஆல்கஹாலில் தளரும்; இரண்டும் சரியாகக் கலந்தால் அறைச் சூட்டில் வேகம் அசையாது. அந்தக் கலவை ஜின்னிலேயே இருக்கிறது என்பது அவர் வாதம். உள்ளதையும் மறக்கவைக்கும் சரக்கில் ஞாபகத்தை ஊறப்போட யாரும் துணியவில்லை. ஆய்வகத்தில் மாலையில் மிஞ்சுமா என்ற பயமாகவும் இருக்கலாம்.

அடுத்து நினைவகமாக வந்த ஃபெரைட் வளையங்களுக்கும் சூடு ஆகாது. ஐபிஎம், ஸ்ட்ரெட்ச் கணினியின் வளையங்களை எண்ணெயில் முக்கியே வைத்தது. ஓட்டை, எண்ணெய், எல்லாம் மெதுவடைப் பொருத்தம்; பொரியாமல் காப்பதுதான் நோக்கம்.

சிலிக்கன் வந்தும் முணுமுணுப்பு ஓயவில்லை. பல டிராம் நினைவகச் சில்லுகள் 64 மில்லி நொடிக்கொரு முறை தம் பாடத்தை ஒப்பிக்கின்றன. 85 டிகிரி தாண்டினால் 32-க்கு ஒருமுறை.

வெள்ளிக் கிரகத்தின் தரையோ சுமார் 460 டிகிரி. 1982-இல் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனேரா 13, 127 நிமிடம் தாக்குப்பிடித்ததே சாதனை. 2024-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ராய் ஓல்சனும், பெயரிலேயே தீயை வைத்திருக்கும் தீப் ஜரிவாலாவும் அலுமினியம் ஸ்காண்டியம் நைட்ரைடில் செய்த நினைவகம் 600 டிகிரியில் 60 மணி நேரம் ஓடியது. மின்சாரம் போனாலும் மறக்காது, முணுமுணுப்பே கிடையாது.

மாப்பிள்ளையை வெள்ளிக்கு அனுப்பலாம்தான். ஆனால் அங்கே எரிமலைக் குழம்பு அறுத்த பால்டிஸ் வாலிஸ் என்றொரு வாய்க்கால் கிடக்கிறது. நீளம் சுமார் 6,800 கிலோமீட்டர்.