நடந்த கணக்கும் வடைக் கணக்கும்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை 6 மணிக்கு நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால், ஊரில் தொப்பை என்ற ஒன்றே இருக்கக் கூடாது. இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று அதுதான் ஆளுக்கு முன்னால் நடந்து போகிறது.

70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 250, 300 கலோரி எரியும். அப்புறம் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு, மனசாட்சி பச்சையாகிவிடும். அந்தத் தெம்பில் நேரே டிபன் கடை. நெய்ப் பொங்கலும் வடையுமாக, எரித்தது வட்டியோடு வசூல். காபிக்கு மட்டும் வெள்ளைச் சர்க்கரை ஆகாதாம், நாட்டுச் சர்க்கரை வேண்டுமாம். கலோரியில் இரண்டும் அண்ணன் தம்பிதான். தினை லட்டு என்றால் கேட்கவே வேண்டாம். தினையோடு சேர்ந்த நெய்க்கும் பாவமன்னிப்பு உண்டு.

தினம் 10,000 அடி என்ற வேதவாக்கு வேறு. 1965இல் ஜப்பானில் நடையை எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் அது; மருத்துவர் சீட்டில் பிறந்ததல்ல. ஆனாலும் ராத்திரி பத்தரைக்கு இருநூறு அடி குறைந்தால், நம்மவர்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டுகிறார்கள். கைக்கடிகாரம் நம்பிவிடுகிறது. எடை பார்க்கும் மிஷின்தான் ஒத்துழைப்பதில்லை.